முப்பத்தோராம் பக்கம்

என் பெயர் ஆனந்தராஜ் என்பது ரேஷன் கார்டுக்கும் என் மனைவி கலைப்பிரியாவுக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் ஆல்பம். விழுப்புரம் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாண ஆல்பம் வடிவமைத்துத் தருவது என் தொழில். போட்டோக்காரர்கள் எடுத்ததைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் வெட்டுவேன், ஒட்டுவேன், பருவை அழிப்பேன். மேடைக்குப் பின்னால் கொட்டாவி விடும் பெரியப்பாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோஜாச் செடி வைப்பேன். இத்தனை வருஷத்தில் நான் வைத்த ரோஜாவை எல்லாம் மண்ணில் நட்டிருந்தால் எங்கள் ஊர் கெடாரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட இடம் இருந்திருக்காது.

2014-இல் எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. அதற்குக் கூலி கிடையாது, கௌரவம் மட்டும்தான். எல்லோர் கைக்கும் வாட்ஸ்அப் வந்துகொண்டிருந்த நேரம். கீழே தாண்டவராயன் டீக்கடையில் ஒரு நாள் ஐந்து தலைப் பாம்பு ஒன்று போனுக்குப் போன் ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து ஏரியில் பிடித்ததாம். தாண்டவராயன் டீ ஆற்றுவதை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் போனை வாங்கிப் பார்த்தேன்.

"தல அஞ்சு, சரி. ஆனா நாக்கு அஞ்சும் ஒரே பக்கம் ஒரே மாதிரி வளைஞ்சிக்கினு இருக்குது பாருங்க. ஒரு தலய எடுத்து நாலு வாட்டி ஒட்டிக்கிறான்" என்றேன்.

கடையே அமைதியானது. அந்த அமைதி இருக்கிறதே, அதற்கு நான் அடிமையாகிவிட்டேன்.

அதன்பிறகு எதுவானாலும் என்னிடம்தான் வரும். கெடாரில் விளைந்த ஒரு முழ நீள மல்லாட்டை, கடலில் மிதந்த கோயில், ஆகாயத்தில் தெரிந்த முகம். நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, நிழலைப் பார்ப்பேன், முடி ஓரத்தைப் பார்ப்பேன், பிறகு "ஒட்டு" என்பேன் அல்லது "ஒரிஜினல்" என்பேன். மூன்றாவதாக ஒரு பதில் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. "உங்கள அப்பிடியே கூட்டிக்கினு போயி கோர்ட்டுல ஒக்கார வெச்சிடலாம்" என்று கலைப்பிரியா சொல்வாள். அவள் கிண்டல் செய்கிறாள் என்று தெரிந்தும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

2016 மே மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கோலியனூர் உரக்கடைக்காரர் சவரிநாதன் மாடி ஏறி வந்தார். மகள் டயானாவின் கல்யாண ஆல்பத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவைத்திருந்தார். மாப்பிள்ளை டோமினிக், திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. கிறிஸ்தவர் கல்யாணத்தில் அது ஒரு வழக்கம்: மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார். மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு.

சவரிநாதன் உட்காரக்கூட இல்லை. போனை நீட்டினார்.

"தம்பி, இத கொஞ்சம் பாருங்க. ஒட்டா, நெசமா?"

கோட்டு சூட்டில் டோமினிக். கோட்டில் பூ குத்தியிருந்தது. பக்கத்தில் தோளோடு தோள் உரச, ரோஸ் நிறப் பட்டுச் சேலையில் ஒரு பெண், கையில் பூங்கொத்து. இரண்டு பேரும் சிரித்தார்கள். கீழே எழுதியிருந்தது: 'இந்த மாப்பிள்ளைக்கு 2013-லேயே திண்டிவனத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. பெண் வீட்டார் உஷார். பகிரவும்.'

நான் போனைத் தள்ளிப் பிடித்தேன். கண்ணைச் சுருக்கினேன். கழுத்தைப் பார்த்தேன், தோள் உரசும் இடத்தைப் பார்த்தேன், மூக்கு நிழல் இரண்டு பேருக்கும் ஒரே பக்கம் விழுகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சுத்தம்.

"ஒட்டு இல்லீங்க. ஒரே போட்டோ" என்றேன்.

"நல்லா பாத்து சொல்லுங்க தம்பி. எம்பொண்ணு வாழ்க்க."

"பத்து வருஷத்துக்கு மேல இதான் வேல எனக்கு. ஒட்டுன்னா என் கண்ணு வுடாது."

அவர் முகம் அப்படியே வடிந்துபோனது. அதைப் பார்த்த பிறகாவது வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். இது எங்கே எடுத்தது, யார் அனுப்பியது, பையனிடம் கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. அவர் என்னிடம் கேட்டது மகளுடைய வாழ்க்கையைப் பற்றி. நான் பதில் சொன்னது என் திறமையைப் பற்றி.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் அவர்கள் கோயில் பங்கு வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. போட்டவர் சவரிநாதனேதான். 'இது உண்மையா என்று தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று பாவம், கேள்வியாகத்தான் போட்டார். பதினோரு குழுவில் கேட்டார். பதினோரு குழுவும் கேள்வியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அடியில் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'விழுப்புரம் ஆல்பம் ஆனந்தராஜ் செக் பண்ணி உறுதி செய்தது.'

அந்த வரியைக் கலைப்பிரியாவிடம் காட்டினேன், பெருமையாகத்தான். அவள் பார்த்துவிட்டு, "இன்னா உறுதி பண்ணீங்க? போட்டோவயா, கல்யாணத்தயா?" என்று கேட்டாள். போய்க் கைகால் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு டயானா வந்தாள். தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். அழுது முடித்துவிட்டு, முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணே, நீங்கதான் உறுதின்னு சொன்னீங்களாமே."

"போட்டோ ஒரிஜினல்னு சொன்னம்மா. அவ்ளோதான்."

"அவரு இன்னா சொல்றாருன்னா, அது ஜெனித்துன்னு அவரு பெரியப்பா மகன் கல்யாணமாம். இவரு மாப்ள தோழனா நின்னாராம். அந்தப் பொண்ணு பொண்ணுத்தோழியாம். இத சொன்னா அப்பா, 'தோழன் தோழின்னா மாப்ளயும் பொண்ணும் எங்க'ன்றாரு. இவுங்க ரெண்டு பேருதான் ஒட்டிக்கினு நிக்கிறாங்க. அவரும் ரோஷக்காரரு. 'நம்பிக்க இல்லன்னா வுட்டுடுங்க'ன்னுட்டாரு. நாளைக்கி சாயங்காலம் அப்பா சாமியாரப் பாத்து ஓலைய நிறுத்தச் சொல்லப் போறாரு."

அவள் போனை என் மேஜையில் வைத்தாள். நான் மறுபடி கழுத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓரத்தில் விரலை வைத்தாள்.

"நடுவுலயே பாத்துக்கினு இருக்கீங்க. இந்த மூலையில செகப்பா வளைஞ்சிக்கினு போவுதே, பொடிப் பொடியா மஞ்சளா மணி கூட இருக்குது. இது இன்னா?"

பார்த்தேன். எனக்குக் குப்பென்று வேர்த்தது.

சிவப்பு வளைவு, அதன்மேல் சங்கிலிபோல் தங்க மணிகள். அது ஒரு இதய வடிவச் சட்டத்தின் மேல் மூலை. கடைகளில் விற்கிற சட்டத்தில் மணி இருக்காது. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாக வரைந்தவன் நான். விழுப்புரம் ஜில்லாவில் இன்னொருவரிடம் அது கிடையாது என்று எத்தனையோ பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மாட்டினேன். 2013, திண்டிவனம், ஆரோக்கிய ஜெனித் – கிளாரா. திறந்தேன். நாற்பது பக்க ஆல்பம். முப்பத்தோராம் பக்கத்தில், மணி வைத்த இதயத்துக்குள், டோமினிக்கும் அந்தப் பெண்ணும் சிரித்தார்கள்.

பிறகு அந்தப் பக்கத்துக்கு எடுத்த மூலப் படத்தைத் திறந்தேன். அதில் நான்கு பேர். நடுவில் ஜெனித்தும் கிளாராவும் மாலையோடு. இந்தக் கடைசியில் டோமினிக். அந்தக் கடைசியில் ரோஸ் சேலைப் பெண். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகலாம்.

கதை எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாற்பது பக்கம் ஒப்புக்கொண்டிருந்தேன், போட்டோக்காரர் கொண்டுவந்த படம் முப்பது பக்கத்தோடு தீர்ந்துவிட்டது. மிச்சத்தை ரொப்ப வேண்டும். தோழனையும் தோழியையும் ஒரு பக்கம் போட்டால் அழகாக இருக்கும் என்று இரண்டு பேரையும் வெட்டி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மூக்கு நிழல் சரி செய்து, இதயத்துக்குள் வைத்தேன். அடியில் 'மேட் ஃபார் ஈச் அதர்' என்று தங்க எழுத்து வேறு. பக்கம் காலியாக இருக்கிறதே என்று போட்டதுதான். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

"அண்ணே, இது ஒட்டா?" என்றாள் டயானா.

"ஒட்டுதாம்மா."

"ஒட்டு இல்லன்னீங்களே."

"நான் ஒட்டுனதும்மா. எனக்கே தெரியல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளாக அழுத பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் கொஞ்சம் அழுதாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செல்போனில் எடுத்து, வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்ததில் ஒட்டு மறைந்துபோயிருக்கும் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன் நடுவே, என் கை வேலை அவ்வளவு சுத்தமா என்று ஒரு மூலையில் சின்னதாகச் சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அதை அப்போதே மிதித்து வெளியே தள்ளினேன்.

சனிக்கிழமை காலை நான்கு பேர் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு கோலியனூர் போனேன். சவரிநாதனும் அவர் மனைவி லூர்து மேரியும் வாசலிலேயே இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், வெட்டியது நான்தான் என்பது உட்பட. சவரிநாதன் பிரிண்டை வாங்கினார். தள்ளிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். என்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

"வியாழக்கெழம ஒட்டு இல்லன்னீங்க. இன்னிக்கி அது ஒட்டு, இது ஒட்டு இல்லன்றீங்க. இந்த நடு ரெண்டு பேர நேத்து ஒட்டிக்கினு வரலன்னு நான் எப்பிடி தம்பி நம்புறது?"

நியாயமான கேள்வி. படத்தை வைத்துப் படத்தை நிரூபிக்க முடியாது, அதிலும் கொண்டுவந்தவன் ஆல்பம்.

லூர்து மேரிதான் வாயைத் திறந்தார். அதுவரை முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தவர்.

"போட்டோவ கட்டிக்கினு ஏன் பேஜாரு பண்றீங்க? தோழனா நின்னவன் கோயில் நோட்டுல சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கணுமில்ல? நம்ம கல்யாணத்துக்கு ஒங்க தம்பி போடல? அந்த நோட்ட யாரு ஒட்டப் போறாங்க? ஜல்தியா சட்டையப் போடுங்க."

மூன்று பேரும் திண்டிவனம் பஸ் ஏறினோம். அங்கே பங்கு அலுவலகத்தில் கணக்கப்பிள்ளை சவுரிராயன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சாமியாரிடம் அனுமதி வாங்கி, பழைய திருமணப் பதிவேட்டை எடுத்துவந்து பிரித்தார். மணமகன் ஆரோக்கிய ஜெனித். மணமகள் கிளாரா. சாட்சி: டோமினிக். இன்னொரு சாட்சி: கிளாராவின் சித்தி மகள், அந்த ரோஸ் சேலைப் பெண். நீல மையில் நான்கு கையெழுத்து, பக்கத்தில் அப்போதைய சாமியாரின் கையெழுத்து. சவரிநாதன் அந்த வரியை விரல் வைத்து மூன்று முறை படித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். லூர்து மேரி அவர் முதுகில் கையை வைத்தார்.

படம் கிளம்பிய இடமும் அந்தக் கணக்கப்பிள்ளை மூலமாகவே தெரிந்தது. கல்யாணமான வீட்டுக்கு யார் போனாலும் காபி வருகிறவரை கையில் ஆல்பத்தைக் கொடுத்து உட்கார வைப்பது இந்தப் பக்கத்து மரியாதை. ஜெனித் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போன பக்கத்துத் தெரு அஞ்சம்மாள் முப்பத்தோராம் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அந்தப் பையனுக்கா கோலியனூரில் ஓலை வாசிக்கிறார்கள் என்று பதறி, அந்த இரண்டு பேர் மட்டும் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அவருடைய தங்கையை இப்படித்தான் ஒருவன் ஏமாற்றியிருந்தானாம். அந்தம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காபி கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே நான்கு பேர் படத்தைப் போட்டு, 'இதை வெட்டி ஒட்டியது நான்தான், மாப்பிள்ளை மீது தவறில்லை' என்று எழுதி, சவரிநாதனிடமே கொடுத்து அதே பதினோரு குழுவுக்கும் அனுப்பச் சொன்னேன். பொய் ஒரே சாயங்காலத்தில் பதினோரு குழுவையும் தாண்டிப் போயிருந்தது. என் மறுப்பு போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. யாரோ இரண்டு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள், அதுவும் 'குட் நைட்' செய்தி என்று நினைத்துப் போட்டதாக இருக்கலாம்.

டயானா போன் செய்தாள்.

"அண்ணே, அவரு பேசுனாரு. 'உங்க ஊரு ஜனம் என்ன ஒரு மாதிரி பாக்கறப்போ நான் எப்பிடி கோயிலுக்குள்ள மாலையோட வர்றது'ன்றாரு. நாளைக்கி மூணாவது ஓல. நீங்க வந்து எல்லாருக்கும் முன்னால சொல்லிடுங்க."

"கோயில்லயா? நான் இன்னா சொல்றதும்மா, எனக்கு முழங்கால் போடக்கூட தெரியாதே."

"முழங்கால் போட வேணாம். எழுந்து நின்னா போதும்."

ஞாயிறு காலை கலைப்பிரியா என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "கோர்ட்டுதான் கெடைக்கல, கோயிலாச்சும் கெடச்சிதே" என்றாள். கோலியனூர் கோயிலில் கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். மற்றவர்கள் எழுந்தபோது எழுந்து, உட்கார்ந்தபோது உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தினேன். பூசை முடிவில் சாமியார் அறிவிப்புத் தாளை எடுத்தார். மூன்றாம் ஓலை. டோமினிக், டயானா. "இவர்கள் திருமணத்துக்குத் தடை எதையேனும் அறிந்தவர்கள்" என்று அவர் வாசித்ததும் கோயில் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. உறுதி செய்த ஆல்பம் வந்திருக்கிறாரே!

எழுந்தேன். டீக்கடையில் எனக்குப் பிடித்த அதே அமைதி. இந்தத் தடவை அது பிடிக்கவில்லை.

"தட ஒண்ணும் இல்லீங்க ஃபாதர். அந்த போட்டோவுல இருக்கற ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கவே இல்ல. நான்தான் வெட்டி ஒட்டுனேன், பக்கத்த ரொப்பறதுக்கு. அப்பறம் நானே அத பாத்துட்டு ஒட்டு இல்லன்னு சொல்லிட்டேன். பையன் மேல ஒரு தப்பும் கெடையாது. தப்பு என்னுது."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தன வருஷத்துல தட இல்லன்னு சொல்றதுக்கு எழுந்த மொத ஆளு நீதாம்பா. உக்காரு" என்றார்.

முன் பெஞ்சில் ஒரு சிரிப்புக் கிளம்பிக் கடைசிவரை வந்தது. பெண்கள் பக்கத்தில் டயானா திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கணக்கில் சரி போடுகிற டீச்சரின் ஆட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோயிலில் நடந்த இது வாட்ஸ்அப்பில் எங்கேயும் வரவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. போட்டோ எடுத்தவர் வேறொருவர், ஆல்பம் மட்டும் என்னிடம்தான். ஜூலையில் ஒரு நாள் சவரிநாதன் மறுபடி மாடி ஏறி வந்தார். திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். குடும்பப் படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நடுவில் டோமினிக். ஓரத்தில், பாதித் தோள் படத்துக்கு வெளியே போக, சவரிநாதன். இரண்டு பேருக்கும் இடையில் ஏழு பேர். அடுத்த படத்திலும் அப்படித்தான். அன்றைக்கு முழுக்க மனிதர் மருமகனை விட்டு எட்டியே நின்றிருக்கிறார்.

"கிட்டப் போயி நிக்க மூஞ்சி இல்ல தம்பி" என்றார். திரையைத்தான் பார்த்தார். "நீங்க... என்ன கொஞ்சம் மாப்ள பக்கத்துல நவுத்தி வெச்சிட முடியுமா? ஒரே ஒரு படத்துல."

"முடியும். பத்து நிமிஷ வேல. ஒட்டுனது யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது."

அவர் தலை குனிந்துகொண்டார். நான் சொன்னது அவருக்கும் உறைத்தது, எனக்கும் உறைத்தது.

"இங்க எப்பிடி வந்தீங்க? பஸ்ஸா?" என்றேன்.

"மாப்ளதான் வண்டியில கூட்டியாந்தாரு. கீழ டீக்கடையில ஒக்காந்திருக்காரு. மேல வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரல."

ஜன்னலைத் திறந்து தாண்டவராயனுக்குக் குரல் கொடுத்தேன். டோமினிக் கையில் பாதி டீயோடு மேலே வந்தான். காயில் கட்டிய பிசுக்கு விரல் நுனியில் அப்படியே இருந்தது. பாஸ்போர்ட் படம் எடுக்கச் சுவரில் தொங்கவிட்டிருந்த நீலத் துணிக்கு முன்னால் இரண்டு பேரையும் நிறுத்தினேன். நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டார்கள்.

"இன்னும் கிட்ட" என்றேன்.

சவரிநாதன் கால் விரல் அளவுக்கு நகர்ந்தார். டோமினிக் டீ கிளாஸை என் மேஜையில் வைத்துவிட்டு, மிச்ச தூரத்தை அவனே வந்து, மாமனார் தோளில் கையைப் போட்டான்.

"வாங்க மாமா. அவரு நவுத்துனா மறுபடி எவனாச்சும் பார்வேர்ட் பண்ணுவான்."

சவரிநாதனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து வாய் கோணிக்கொண்டது. அப்போது எடுத்தேன். சட்டைக் காலர் மடங்கியிருந்தது, நெற்றியில் வேர்வை, ஓரத்தில் டீ கிளாஸ் பாதி தெரிந்தது.

அந்தப் படத்தை முப்பத்தோராம் பக்கத்தில் வைத்தேன். எதையும் தொடவில்லை. ரோஜாகூட வைக்கவில்லை.